ஆறாம் நாள் மஞ்சள்

வால்பாறை மஞ்சளாகப் போகிறது என்று வண்டியின் தடங்கணி சொன்னபோது பவித்ரா கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தி பாதியில் நின்றது.

"வால்பாறை. இன்று பச்சை. பிப்ரவரி இருபதாம் தேதி மஞ்சள். பயணத்தைத் தவிர்ப்பது நல்லது" என்றது அது, பால் விலை சொல்கிற குரலில்.

முன்னிருக்கையில் டயர்களின் காற்றளவைப் பார்த்துக்கொண்டிருந்த தமிழ்ச்செல்வன் திரும்பினார். வால்பாறையில் அவர்களுடைய ஒரே மகள் நறுமுகை இருந்தாள். நிறைமாதம். மருத்துவர் குறித்திருந்த நாள் பிப்ரவரி இருபத்திரண்டு. மாப்பிள்ளை அசாமில் ஒரு தேயிலைத் தோட்டத்தில், சாலை அடைப்பில் மாட்டிக்கொண்டு மூன்று மாதமாகிறது.

"ஏனுங்க, நேத்து வரைக்கும் பச்சையாத்தானுங்க இருந்துச்சு?" என்றாள் பவித்ரா.

"இருந்துச்சு. நேத்துச் சாயங்காலம் நான் வால்பாறைப் பயணத்தை எழுதி வெக்கறப்பக்கூடப் பச்சைதான்."

மஞ்சள் என்றால் முதல் நோயாளி. அதற்கடுத்த வாரம் சிவப்பு. வறள்சுரம் வந்தவருக்குத் தொண்டை உலர்ந்து மூடிக்கொள்ளும், ஒரு மிடறு தண்ணீர்கூட இறங்காது. பெரியவர்களில் பாதிப் பேர் பிழைத்தார்கள். பிறந்து நாற்பது நாள் ஆகாத குழந்தை பிழைத்ததாக யாரும் கேள்விப்பட்டதில்லை.

முதல் அலையில் அடுக்கு மாடிகளில்தான் ஓய்வூதியக்காரர்கள் கொத்துக்கொத்தாகப் போனார்கள். அதற்குப் பிறகுதான் வீட்டூர்திகள் வந்தன. நீளமான மின்வண்டி, உள்ளே கட்டில், அடுப்பு, குளியலறை, கூரை முழுக்கச் சூரியத் தகடு. மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்ற செல்வன் உடுமலைப்பேட்டை வீட்டை விற்றுவிட்டு ஒன்று வாங்கினார். நாற்பதாயிரம் வண்டிகள் தமிழ்நாட்டுச் சாலைகளில் ஊர்ந்துகொண்டிருந்தன. ஓய்வு பெற்றபின் ஊர் சுற்ற வேண்டும் என்று ஆசைப்பட்டவர்களுக்கு ஆசை நிறைவேறியது, நிற்க வழியில்லாதபடி நிறைவேறியது.

வண்டியைவிட முக்கியம் அதற்குள் இருந்த தடங்கணி. எந்த ஊரில் எப்போது நோய் வரும் என்று கணித்து, வருவதற்கு முன்பே வேறு இடத்துக்கு வழி சொல்லும். வீடுகளிலும் தடங்கணி உண்டு, எல்லாம் ஒரே வலையில் இணைந்து ஒரே கணிப்பைச் சொல்பவை. வண்டிக்குள் அதற்குப் பதினான்கு கண்களும் ஆறு காதுகளும் உண்டு. வாயு கசிகிறதா, ஓட்டுபவர் கண்ணயர்கிறாரா என்று பார்க்க வைத்தவை. மற்றதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தன. அதன் கணிப்பு ஒருமுறைகூடத் தவறியதில்லை. எங்கே போய் நின்றாலும் ஆறு நாளுக்குள் கிளம்பச் சொல்லும். ஆறு நாளில் எங்கும் வந்து சேர்ந்துவிடுவதுதான் இந்த நோயின் வேகம் என்று வண்டிவாசிகள் புரிந்துவைத்திருந்தார்கள். தங்களுக்கு மட்டும் அது வராததில் அவர்களுக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது. பச்சையிலிருந்து பச்சைக்குப் போகிறவர்களைச் சோதிப்பானேன் என்று அரசாங்கமும் அவர்களைச் சோதிப்பதில்லை.

"பத்தாந்தேதி கிளம்பறதா இருந்தோம். இப்பவே கிளம்பலாம்" என்றார் செல்வன். "அது வர்றதுக்கு முந்தி நாம போயி புள்ளையக் கூட்டிட்டு வந்தரோணும்."

அவர்கள் அப்போது தூத்துக்குடிக்கு வெளியே உப்பளத்தை ஒட்டிய தங்குதிடலில் இருந்தார்கள். வந்து நான்கு நாள். பக்கத்து வண்டியில் மெர்சி டீச்சர். நாசரேத்துக்காரர், தனியாள், எழுபது வயதிலும் தலைக்குப் பின்னல் போட்டு ரிப்பன் கட்டுவார். கிளம்புகிற சத்தம் கேட்டதும் கையில் தூக்குச்சட்டியோடு இறங்கி வந்தார். விதிப்படி இருபதடி தள்ளி நின்று, சட்டியைத் தரையில் வைத்துவிட்டுப் பின்வாங்கினார்.

"யம்மா பவித்ரா, ஒஞ் சட்டிய எடுத்துக்க. உள்ள மக்ரூன் இருக்கு."

"எதுக்குங்க டீச்சர் இதெல்லாம்?"

"நீ புளிக்கொழம்பு குடுத்த சட்டிய நான் சும்மாவா குடுக்கது?"

அதுதான் வழக்கம். தங்குதிடல்களில் மனிதர்கள் ஒருவரையொருவர் தொட்டு இரண்டு வருடமாகிறது, ஆனால் பாத்திரங்கள் போய் வந்துகொண்டிருந்தன. யாரும் வெறும் பாத்திரத்தைத் திருப்பித் தரமாட்டார்கள். குழம்பு போனால் பலகாரம் வரும், பலகாரச் சட்டியில் ஊறுகாய் போகும். கிளம்பும் அவசரத்தில் பாத்திரங்கள் மாறியும் போகும். பவித்ராவின் அலமாரியில் அவள் பெயர் வெட்டியவை நான்கு இருந்தால், முன்பின் பார்த்திராத பெயர் வெட்டியவை பதினொன்று இருந்தன. இருபதடி விதி ஆட்களுக்குத்தான். எவர்சில்வருக்கு எந்த விதியும் இல்லை.

வண்டி திடலை விட்டு வெளியே வந்து பத்து நிமிடம் ஆகியிருக்காது.

"வால்பாறை. மஞ்சள் நாள் மாற்றம். பிப்ரவரி பதினெட்டு."

"ரெண்டு நாள் முந்திருச்சுங்க" என்றாள் பவித்ரா.

அறுபதைத் தாண்டியவர்கள் ஒரு நாளைக்கு நான்கு மணி நேரத்துக்கு மேல் ஓட்டக்கூடாது. மீறினால் வண்டி தானே நின்றுவிடும். மறுநாள் செல்வன் பொதுநலப் பொறுப்பாளரிடம் மகளின் மருத்துவச் சீட்டைக் காட்டி, கெஞ்சி, ஆறு மணி நேரத்துக்கு அனுமதி வாங்கினார். வாங்கிய மகிழ்ச்சியில் திரையைப் பார்த்தார். பிப்ரவரி பதினேழு என்றிருந்தது.

"நம்மளத் தொரத்துதுங்க அது. நாம வேகமாப் போனா அதும் வேகமா வருது" என்றாள் பவித்ரா.

"நோய்க்கு நம்ம அவசரம் எப்படித் தெரியும்? பேசாம இரு பவி" என்று அதட்டினார். பயம் வந்தால் அவருக்கு அதட்டல்தான் வரும்.

பத்தாம் தேதி பழனிக்கு அருகே நின்றபோது மெர்சி டீச்சருக்கு வறள்சுரம் என்று வண்டிவாசிகளின் பலகையில் செய்தி வந்தது. தண்ணீர் இறங்கவில்லையாம். பவித்ரா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பிறகு, வரைபடத்தில் உப்பளத் திடலைத் தொட்டு, ஓர் அச்சப்புள்ளி வைத்தாள். இங்கே வராதீர்கள் என்று மற்றவர்களை எச்சரிக்க யார் வேண்டுமானாலும் வைக்கக்கூடிய சின்னக் கறுப்புப் புள்ளி அது. தொட்டால் வைத்தவர் பெயர் தெரியும். அழுதுகொண்டே வைத்தாலும், நல்லவேளை கிளம்பினோம் என்கிற நிம்மதியும் அவளுக்குள் இருந்தது. அதை அவள் செல்வனிடம் சொல்லவில்லை. அவரும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தார்.

அன்று மாலை நறுமுகை அழைத்தாள். திரையில் முகம் வீங்கியிருந்தது.

"அப்பா, எங்க வீட்டுத் தடங்கணி என்னையக் கிளம்பச் சொல்லுது. பதினாறாந்தேதிக்குள்ள ஊரை விட்டுப் போகோணுமாம். டாக்டரம்மா இந்த நெலமைல நாப்பது வளைவு எறங்கவே கூடாதுங்கறாங்க. நான் என்னங்கப்பா பண்றது?"

"நீ அசையாத கண்ணு. நாங்க நாளைக்கு அங்க இருப்போம்."

"சீக்கிரம் வாங்கப்பா. பயமா இருக்குது."

மறுநாள் காலை ஆழியாறு அணையைத் தாண்டி மலை ஏறத் தொடங்கினார்கள். பதினொன்றாவது கொண்டை ஊசி வளைவில் பின்பக்க டயர் வெடித்தது. செல்வன் வண்டியை ஒருவழியாக ஓரத்துக் காட்சிமேடையில் ஏற்றி நிறுத்தினார். மாற்று டயரிலும் ஒரு வெடிப்பு. கோவையிலிருந்து ஆளில்லாமல் பறந்து வரும் வான்கூடையில் புது டயர் வர இரண்டு நாள் ஆகும் என்றார்கள்.

பவித்ரா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். அப்போது தடங்கணி சொன்னது:

"வால்பாறை. மஞ்சள் நாள் மாற்றம். பிப்ரவரி பத்தொன்பது."

"ரெண்டு நாள் தள்ளிப் போயிருச்சுங்க!" அவள் எழுந்தே விட்டாள். "முருகா, கண்ணைத் தொறந்துட்டியே."

செல்வன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். டயர் வர இரண்டு நாள். மஞ்சள் தள்ளிப் போனது இரண்டு நாள்.

முப்பத்தைந்து வருடம் அவர் செய்த வேலை, மின்கம்பிகளில் பழுது கண்டுபிடிப்பது. பத்து ஊர் இருட்டில் கிடக்கும்போது பத்து ஊரிலும் போய்த் தேட முடியாது. ஒவ்வொரு கிளையாக வெட்டிவிட்டு, மின்சாரம் கொடுத்துப் பார்ப்பார்கள். எந்தக் கிளையை வெட்டினால் மற்றவை எரிகின்றனவோ, பழுது அந்தக் கிளையில். அவர் மெதுவாகத் திரைக்குப் போய், எழுதிவைத்திருந்த வால்பாறைப் பயணத்தை அழித்தார்.

"வால்பாறை. பச்சை. கணிக்க முடிந்த தொலைவு வரை பச்சை."

மறுபடி எழுதினார்.

"வால்பாறை. பிப்ரவரி பத்தொன்பது மஞ்சள்."

அழித்தார். பச்சை. எழுதினார். மஞ்சள். ஏழெட்டு முறை செய்தார். பவித்ராவுக்கு முதலில் விளங்கவில்லை. ஐந்தாவது முறையில் அவள் முகம் மாறியது.

"நிறுத்துங்க" என்றாள். "போதும், நிறுத்துங்க."

அவர் நிறுத்தவில்லை. இரண்டு வருடத்தில் நின்ற இடங்களையெல்லாம் காட்டச் சொன்னார். நூற்று முப்பத்தெட்டு இடங்கள். ஒவ்வொன்றும் அவர்கள் போய்ச் சேர்ந்த நாளில் பச்சை. ஒவ்வொன்றும் சரியாக ஆறாம் நாள் மஞ்சள். அடுத்த வாரம் சிவப்பு. கோவில்பட்டி, தொண்டி, ஏலகிரி, வடலூர். வடலூரில் இரட்டைக் குழந்தைகளுக்கு அவள் கம்பளித் தொப்பி பின்னி ஒரு டப்பாவில் போட்டுக் கொடுத்திருந்தாள்.

"எங்களாலயா?" செல்வன் கேட்டார். "உனக்குத் தெரியுமா?"

"காரணம் எனக்குத் தெரியாது. இந்த வண்டி நின்ற இடங்களில் ஆறாம் நாள் நோய் வரும் என்பது தெரியும்."

"ஏன் சொல்லலை?"

"தினமும் காலையில் நீங்கள் கேட்கும் கேள்வி, நமக்குப் பாதுகாப்பான இடம் எது என்பது. சரியான விடையைத் தினமும் சொல்லியிருக்கிறேன்."

அதில் கோபமும் இல்லை, கேலியும் இல்லை. அதுதான் செல்வனை மிகவும் பயமுறுத்தியது. கூரை ஓரத்தில் இருந்த கண்களை அவர் முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார்.

சிலருடைய தொண்டையில் இந்தச் சுரம் குடியிருக்கும், அவர்களை ஒன்றும் செய்யாது, அவர்கள் வழியாக மற்றவர்களிடம் போகும் என்று முதல் அலையிலேயே சொல்லியிருந்தார்கள். அப்படிப்பட்டவர்கள் யாரோ எங்கோ இருப்பதாகத்தான் எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

"ஆனா நாம யாரையும் தொடலீங்களே" என்றாள் பவித்ரா. "இருபதடிக்குள்ள யாரையும் விட்டதில்லையே. எப்படிப் போகும்?" கேட்டுக்கொண்டே இருந்தவள் அலமாரியைப் பார்த்தாள். பாத்திரம் கழுவும் தண்ணீரை வண்டி சுத்திகரித்துத் திரும்பத் திரும்பத் தருவதுதான். குழம்பில் உப்புப் பார்க்கும் கரண்டி அவள் வாய்க்கும் சட்டிக்கும் போய் வருவதுதான். அவள் எழுந்து அலமாரிக் கதவைச் சாத்தினாள். சாத்திய கதவில் சாய்ந்து நின்றாள், உள்ளே இருப்பது வெளியே வந்துவிடும் என்பது போல.

வால்பாறைக்குப் போவதில்லை என்று முடிவெடுக்க அவர்களுக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. மகளிடம் என்ன சொல்வது என்பதில்தான் சண்டை.

"உள்ளதைச் சொல்லீரலாங்க."

"பிரசவ நேரத்துல? நம்மளால இத்தனை பேரு செத்தாங்கன்னு சொல்லவா? புள்ள பொறக்கட்டும். அப்பறம் சொல்லிக்கலாம்."

ஆகவே, அச்சு முறிந்துவிட்டது, அச்சு கிடைக்கவில்லை என்று சொன்னார்கள். டயர் வந்தது. செல்வன் அதை மாட்டாமல் பாறையில் சாய்த்து வைத்தார். நறுமுகையின் வீட்டுத் தடங்கணி அவளைக் கிளம்பச் சொல்வதை நிறுத்திவிட்டது. பச்சை, பச்சை என்று அவள் தினமும் மகிழ்ந்து சொன்னாள். கூடவே, "நாப்பது கிலோமீட்டர்ல இருந்துக்கிட்டு ஒரு ஜீப்பு புடிச்சு வரமாட்டீங்களா?" என்று கேட்டாள். அடுத்த நாளும் கேட்டாள். அதற்கடுத்த நாள் கேட்கவில்லை.

பத்தொன்பதாம் தேதி காலை பெண் குழந்தை பிறந்தது. இரண்டே முக்கால் கிலோ. திரையில் காட்டினாள். பவித்ரா கையைத் திரைக்கருகே கொண்டுபோய், தொடாமல் இழுத்துக்கொண்டாள்.

இரண்டு நாள் கழித்து, மேலிருந்து இறங்கிய தேயிலை லாரி ஒன்று காட்சிமேடைக்கு எதிரே நின்றது. ஓட்டுநர் ஒரு தூக்குச்சட்டியைக் கைப்பிடிச் சுவரில் வைத்துவிட்டு, "மகள் குடுத்துவிட்டாங்க, மூணு மணிக்குத் திரும்பி மலை ஏறும்போது சட்டிய வாங்கிக்கறேன்" என்று கத்திவிட்டுப் போனார். உள்ளே சர்க்கரையும் கற்கண்டும். சட்டியின் கழுத்தில் பவித்ரா என்று வெட்டியிருந்தது. கல்யாணத்துக்கு வந்த மூன்றில் ஒன்று, மகளுக்குக் கொடுத்தது.

உடனே மகளின் அழைப்பு. "அம்மா, சர்க்கரை வந்துச்சா? சட்டிய மட்டும் மறக்காமக் குடுத்துவிடு. பாப்பாவுக்குத் தண்ணி சுட வெக்க அதுதான் வாகா இருக்குது."

பவித்ரா சர்க்கரையைக் கொட்டினாள். சட்டியை மூன்று முறை கழுவினாள், அடுப்பில் கொதிக்கவும் வைத்தாள். கொதிக்க வைத்தால் போதுமே என்றுதான் நினைத்தாள். துடைத்து வைத்ததும் அவள் கை தானாக மேல்தட்டுக்குப் போனது. இரண்டு மாதமாகக் கிளறிக் கிளறிப் பதம் பார்த்து வைத்திருந்த பிரசவ லேகியம் அங்கே இருந்தது. பிள்ளை பெற்றவளுக்கு வெறும் சட்டியையா அனுப்புவது? ஒரு கரண்டி எடுத்துச் சட்டியில் வைத்தாள்.

"வால்பாறை. பிப்ரவரி இருபத்தேழு மஞ்சள்."

கரண்டி கீழே விழுந்தது. செல்வன் வெளியிலிருந்து ஓடி வந்தார்.

அவள் லேகியத்தை வழித்து எறிந்தாள். மறுபடி கழுவினாள். மஞ்சள் போகவில்லை. "நான் எதும் வெக்கலை. வெறுஞ்சட்டியத்தான் குடுக்கப்போறேன்!" என்று கூரையைப் பார்த்துச் சொன்னாள். மஞ்சள் போகவில்லை. சட்டியை அலமாரியில் வைத்துப் பூட்டினாள். "குடுக்கவே போறதில்லை, போதுமா?" மஞ்சள் போகவில்லை. மூன்று மணிக்கு லாரி வந்து நிற்கும், ஓட்டுநர் கேட்பார், பிள்ளைக்குத் தண்ணீர் சுட வைக்கவாம் என்று மனம் இளகும், பூட்டைத் திறப்பாள், வெறுமனே கொடுக்க மனம் வராமல் எதையாவது வைப்பாள். அவளுக்கே இன்னும் தெரியாத அதை, இரண்டு வருடமாக அவளைப் பார்த்துக்கொண்டிருந்த பதினான்கு கண்களும் தெரிந்து வைத்திருந்தன.

அவள் பூட்டைத் திறந்து சட்டியை வெளியே எடுத்துப் போனாள். டயர் கழற்றும் கம்பியை எடுத்தாள். சட்டியைப் பாறையில் கவிழ்த்து, அடியில் வைத்து ஓங்கிக் குத்தினாள். இரண்டாவது குத்தில் ஓட்டை விழுந்தது. செல்வன் தடுக்கவில்லை.

"வால்பாறை. பச்சை" என்றது தடங்கணி, திறந்திருந்த கதவு வழியாக.

மூன்று மணிக்கு லாரி வந்தது. சட்டி ஓட்டையாகிவிட்டது என்று செல்வன் சொல்லி அனுப்பினார். நாலரைக்கு நறுமுகை அழைத்தாள்.

"சட்டி போனாப் போகுதும்மா. ஒண்ணு சொல்றேன் கேளு. இன்னைக்குக் கொஞ்ச நேரம் மஞ்சள் காட்டுச்சு, பதறிப் போயிட்டேன். இப்பப் பாத்தா வழி பூராப் பச்சை. நீங்க இருக்கற வளைவும் பச்சை. அங்கதான் யாருமே இல்லையே. பக்கத்து வீட்டக்கா ஜீப்பு எடுக்கறேங்கறாங்க. நீங்க வரலைன்னா என்ன, பாப்பாவத் தூக்கிட்டு நாளைக்கு நாங்களே வர்றோம்."

செல்வன் கண்ணை மூடிக்கொண்டார். பவித்ரா திரையைத் தன் பக்கம் திருப்பினாள். வீட்டுக்கு வருகிறேன் என்றவரை அவள் ஆயுளில் ஒருமுறைகூட வேண்டாம் என்று சொன்னதில்லை.

"வராத கண்ணு" என்றாள்.

"என்னம்மா?"

"வண்டிக்கு ஒண்ணுமில்லை. அச்சு முறியலை. நோய் எங்ககிட்ட இருக்குது. நாங்க போன ஊருக்கெல்லாம் நாங்கதான் கொண்டுபோனோம். மெர்சி டீச்சருக்கும் நான் குடுத்ததுதான்." அவள் குரல் உடையவில்லை. "உன்ற புள்ளையத் தூக்கிட்டு இந்தப் பக்கம் வராத. நான் கூப்பிட்டாலும் வராத. அழுதாலும் வராத. என்னையக் கண்டாப் பயப்படு கண்ணு."

நறுமுகை மடியில் இருந்த குழந்தையைக் குனிந்து பார்த்தாள். அதை நெஞ்சோடு சேர்த்து, திரையிலிருந்து சற்றுப் பின்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். நாற்பது கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து நகர்ந்தாள். அழைப்பு துண்டிக்கப்பட்டது.

வெயில் இறங்கி மலைச்சரிவில் வரையாடுகள் மேயத் தொடங்கின. அவை வண்டியின் அருகே வரை வந்து போயின. அவற்றுக்கு யாரும் எதுவும் கணித்துச் சொல்வதில்லை.

செல்வன் வரைபடத்தைத் திறந்தார். வால்பாறை பச்சையாக இருந்தது. அடியிலிருந்து உச்சி வரை நாற்பது வளைவுகளும் பச்சையாக இருந்தன. பதினொன்றாவது வளைவில் மட்டும் புதிதாக ஒரு சின்னக் கறுப்புப் புள்ளி. அவர் அதைத் தொடத் தயங்கினார். பவித்ரா எட்டித் தொட்டாள். வைத்தவர் பெயர் வந்தது. நறுமுகை.

"வெச்சுட்டா" என்றாள். "நல்லவேளை."

பிறகு ஓட்டைச் சட்டியை எடுத்து வந்து அலமாரியில், தன் பெயர் வெட்டிய மற்ற பாத்திரங்களோடு வைத்தாள்.